ஒரே கோபம், இரண்டு நாவல்கள்

ரமணிசந்திரன் நாவல்களை நான் விரும்பிப் படிக்கிறேன். ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா எழுதிய துப்பறியும் நாவல்களையும் விரும்பிப் படிக்கிறேன். பெண்ணியம் பேசுகிற ஒருத்தி இதைச் சொன்னால் கேட்பவர்கள் இரண்டு விதமாகச் சிரிக்கிறார்கள். இலக்கியவாதிகளின் சிரிப்பில் ஏளனம் இருக்கும். தோழிகளின் சிரிப்பில் 'நானும்தான், வெளியே சொல்லிவிடாதே' என்ற ரகசிய உடன்பாடு இருக்கும். இந்தக் கட்டுரையை அந்த இரண்டாவது சிரிப்பை நம்பித்தான் எழுதுகிறேன். ஆனால் சிரிப்போடு நிறுத்திக்கொள்ளவும் விருப்பமில்லை. இந்தப் புத்தகங்களை ஏன் ரசிக்கிறோம், ரசிக்கும்போதே அவை நமக்கு எதைக் கற்றுத் தருகின்றன என்ற இரண்டையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

பெண்கள் கதை படிப்பதைப் பற்றிய கவலை தமிழில் புதிதல்ல. ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோரின் துப்பறியும் நாவல்கள் பரபரப்பாக விற்ற காலத்திலேயே, நாவல் படித்தால் பெண்கள் கெட்டுப்போவார்கள் என்ற புலம்பலும் கிளம்பிவிட்டது. அந்தப் புலம்பலுக்கு நடுவேதான் வை.மு. கோதைநாயகி எழுத வந்தார். 1901இல் பிறந்தவர். ஐந்தரை வயதில் திருமணம். எழுதப் பழகாத நிலையில், தன் முதல் நாடகத்தைத் தான் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாளை எழுத வைத்தார். 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழைத் தானே நடத்தி, அதில் தொடர்கதைகளாக நாவல்களை எழுதினார். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள். தொடராக வரும் காதலும் மர்மமும் பெண்களின் வாயை அடைக்க ஆண்கள் கொடுத்த மிட்டாய் என்று யாராவது சொன்னால், இந்த ஒரு பெயரை நினைவூட்டினால் போதும். அந்தச் சந்தையில் வாங்குபவர்களாக மட்டும் நாம் இருந்ததில்லை.

1980களிலும் 90களிலும் மாத நாவல்கள் உச்சத்தில் இருந்தன. ராணிமுத்து, மாலைமதி, பாக்கெட் நாவல், கிரைம் நாவல் எல்லாம் பேருந்து நிலையக் கடைகளில் வரிசையாகத் தொங்கின. வழவழப்பான அட்டை, உள்ளே சாணித்தாள். வாங்க முடியாதவர்களுக்கு வாடகை நூலகம். ஒருவர் வாங்கினால் தெருவே படிக்கும். வாடகைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் முன்னால் படித்தவர்கள் பென்சிலால் விமர்சனம் எழுதியிருப்பார்கள்: 'சுமார்', 'அருமை', 'முடிவு சோகம், படிக்காதீர்கள்'. பெயர் போடாத அந்த விமர்சகர்களை நான் மிகவும் மதிக்கிறேன். பெரும்பாலும் அவர்கள் சொன்னது சரியாகவே இருக்கும்.

இந்தப் புத்தகங்கள் தருகிற முதல் சுகம், அவை முடியும் என்பது. வீட்டுவேலையில் முடிகிற வேலை என்று எதுவுமில்லை. துலக்கிய பாத்திரம் மதியமே மறுபடி தொட்டியில் விழுகிறது. துவைத்த துணி மறுநாள் அழுக்குக் கூடையில் கிடக்கிறது. நூற்றுச் சொச்சம் பக்க நாவலோ இரண்டு மதியங்களில் முடிந்துவிடுகிறது. கொலைகாரன் பிடிபடுவான், காதலர்கள் சேர்வார்கள். தொடங்கிய ஒன்று நம் கண்ணெதிரே முழுமையாக முடிகிறது. 'முடிவு முன்பே தெரிந்த கதையைப் படிப்பதில் என்ன இருக்கிறது?' என்று கேட்பவர்கள், நாளை என்ன நடக்கும் என்ற கவலையைத் தலையில் சுமக்காதவர்களாக இருக்க வேண்டும்.

அமெரிக்க ஆய்வாளர் ஜானிஸ் ராட்வே 1984இல் வெளியிட்ட நூலில் இதற்குப் பக்கத்தில் வருகிறார். ஓர் ஊரில் காதல் நாவல்களை விடாமல் படிக்கும் பெண்களிடம் பேசி எழுதிய நூல் அது. கதையில் என்ன இருக்கிறது என்பது ஒருபுறம். புத்தகத்தைக் கையில் எடுப்பதே 'இந்த நேரம் என்னுடையது, என்னைக் கூப்பிடாதீர்கள்' என்று வீட்டாருக்குச் சொல்வது என்று அந்தப் பெண்கள் வழியாக அவர் கண்டார். அதே 1984இல்தான் சி.எஸ். லக்ஷ்மி, நாம் அம்பையாக அறிந்தவர், தமிழ்ப் பெண் எழுத்தாளர்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய 'தி ஃபேஸ் பிஹைண்ட் தி மாஸ்க்' வந்தது. இதழ்களில் எழுதிய பெண்கள் பலரும் மரபு வார்த்துக் கொடுத்த பெண்ணையே திரும்பத் திரும்ப வார்த்தார்கள் என்ற கடுமையான விமர்சனம் அதில் உண்டு. ராட்வே படிக்கிற பெண்ணைப் பார்த்தார். அம்பை எழுதப்பட்ட பெண்ணைப் பார்த்தார். எனக்கு இருவரும் வேண்டும். படிக்கிற நேரம் என்னுடையது என்பதால் அந்த நேரத்தில் என் காதில் ஓதப்படுவதும் என்னுடையதாகிவிடாது.

என்ன ஓதப்படுகிறது? வழக்கமான தமிழ்க் காதல் நாவல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாயகன் பணக்காரன், பெரிய தொழில் நடத்துகிறவன், முன்கோபி. நாயகி பெற்றோரை இழந்தவள் அல்லது நொடித்துப்போன குடும்பத்துப் பெண். அவளைப் பற்றி அவனுக்கு யாரோ தப்பாகச் சொல்லிவைத்திருக்கிறார்கள். ஏதோ நிர்ப்பந்தத்தில் திருமணம் நடக்கிறது. பிறகு பக்கம் பக்கமாகக் குத்தல் பேச்சு, அலட்சியம், மணிக்கட்டை வலிக்கப் பிடிப்பது, அவள் வேறொருவனோடு சிரித்துப் பேசினால் கண் சிவப்பது. கடைசிப் பத்துப் பக்கங்களில் அவன் வாய் திறக்கிறான். முதல் பார்வையிலேயே அவளைப் பிடித்துப்போனதாம். பிடித்ததால்தான் கோபமாம். இந்த விளக்கம் கிடைத்ததும் முந்தைய தொண்ணூறு பக்கங்களும் நம் மனத்தில் மாற்றி எழுதப்படுகின்றன. அலட்சியம் ஏக்கமாகிறது, சந்தேகம் அக்கறையாகிறது, மணிக்கட்டில் பதிந்த விரல் தடம் காதல் சின்னமாகிறது.

துப்பறியும் நாவலும் இதே வேலையைத்தான் செய்கிறது. கடைசி அத்தியாயத்தில் ராஜேஷ்குமாரின் விவேக் எல்லோரையும் உட்காரவைத்து விளக்கும்போது, நாம் படித்த பக்கங்களெல்லாம் திரும்ப எழுதப்படுகின்றன. சாதாரணமாகத் தோன்றிய பதில் பொய்யாகிறது, இரவில் தாமதமாக வந்ததற்குக் காரணம் கிடைக்கிறது. இரண்டு வகை நாவலுக்கும் மையத்தில் இருப்பது ஒரே கேள்வி: இந்த ஆளை நம்பலாமா? தடயங்களும் ஒன்றேதான்: அதிகம் பேசாதவன், பழைய வாழ்க்கையைச் சொல்லாதவன், காரணமில்லாமல் கோபப்படுகிறவன், அலமாரியைப் பூட்டி வைத்திருப்பவன். காதல் நாவலில் அந்த அலமாரியைத் திறந்தால் இறந்துபோன அம்மாவின் படம் இருக்கும். துப்பறியும் நாவலில் இறந்துபோன முதல் மனைவியின் நகை இருக்கும்.

இரண்டையும் மாறி மாறிப் படிக்கிற நமக்கு இது ஏன் இவ்வளவு பிடிக்கிறது? நம்மில் பலர் ஒருவனைப் படித்துப் புரிந்துகொள்வதற்கு முன்பே அவன் வீட்டுக்குப் போய்விடுகிறோம் என்பதே காரணம் என்று நினைக்கிறேன். பெண் பார்க்க வருகிறார்கள். சொஜ்ஜி, பஜ்ஜி. மாடியில் தனியாகப் பேசப் பத்து நிமிடம். அதற்கு மேல் தெரிய வேண்டியதெல்லாம் பெரியவர்கள் விசாரித்துச் சொல்வார்கள்: 'நல்ல பையன். கொஞ்சம் கோபம் வரும், அவ்வளவுதான்.' அந்த 'அவ்வளவுதான்' என்ற சொல்லுக்குள் ஒரு காதல் நாவலும் இருக்கலாம், ஒரு துப்பறியும் நாவலும் இருக்கலாம். தாலி ஏறிய பிறகுதான் எது என்று தெரியவரும். காதலித்து மணப்பவர்களும் இதிலிருந்து முழுக்கத் தப்பிவிடுவதில்லை. காதலிக்கும்போது கண்ட கோபமும் வீட்டுக்குள் காண்கிற கோபமும் ஒன்றாகவே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

நம் பழமொழிகளும் இரண்டு பக்கமும் பேசுகின்றன. 'கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும்', 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்பவை காதல் நாவலின் பழமொழிகள். 'வெளுத்ததெல்லாம் பாலல்ல' என்பது துப்பறியும் நாவலின் பழமொழி. பொறுக்க முடியாமல் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வருகிற பெண்ணிடம் எந்தப் பழமொழியைச் சொல்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் முதல் வகையைத்தான். அவள் தன் கணவனைச் சந்தேகப்படலாம், கவனித்ததையெல்லாம் குறித்துவைக்கலாம், முடிவுக்கு வரலாம் என்று சொல்கிற பாட்டி அபூர்வம்.

சட்டமும் இந்த விஷயத்தில் இரண்டு மனதாகவே இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உடலைக் காயப்படுத்துவதோடு நிற்கவில்லை. பாலியல் கொடுமை, சொல்லாலும் மனத்தாலும் செய்யும் கொடுமை, பணத்தை முடக்குவது எல்லாவற்றையும் வன்முறை என்கிறது. அந்தச் சட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நம் நாயகர்களின் தொண்ணூறு பக்கங்களைப் படித்தால், பத்திக்கு ஒரு புகார் எழுதலாம். ஆனால் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவு, பதினெட்டு வயது நிரம்பிய மனைவியிடம் கணவன் பலவந்தமாக நடந்துகொள்வதைப் பாலியல் வல்லுறவு என்று ஏற்பதில்லை. பழைய தண்டனைச் சட்டத்தில் இருந்த விதிவிலக்கு புதியதிலும் தொடர்கிறது. திருமணம் நடந்துவிட்டதால் அவளுடைய சம்மதம் கேட்கப்பட வேண்டியதில்லை என்று நம்புகிற நாவல் நாயகனுக்கு, நாட்டின் குற்றவியல் சட்டமும் துணைநிற்கிறது. ஆகவே இதை வெறும் பொழுதுபோக்கு என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது.

துப்பறியும் நாவல்கள் மட்டும் நியாயமாக நடந்துகொள்கின்றன என்று சொல்லவரவில்லை. முதல் அத்தியாயத்தில் கிடக்கும் பிணம் எத்தனையோ முறை ஓர் இளம்பெண்ணுடையது. அவள் எப்படிச் செத்தாள் என்பதற்கு முன்னால் என்ன உடுத்தியிருந்தாள் என்று நமக்குச் சொல்லப்படுகிறது. விசாரணையில் கொலைகாரனுக்கு இணையாக அவளுடைய ஒழுக்கமும் விசாரிக்கப்படுகிறது. சுஜாதாவின் வசந்த், வழக்கோடு வருகிற பெண்ணை அளந்து பார்த்து அடிக்கும் ஜோக்குகளுக்குப் பெண்களாகிய நாமும் சிரித்திருக்கிறோம். பட்டுக்கோட்டை பிரபாகரின் சுசீலா அணியும் டி-ஷர்ட் வாசகங்கள் புகழ்பெற்றவை. அந்த வாசகத்தை வாசிக்கும் சாக்கில் எல்லோரும் எங்கே பார்க்கிறார்கள் என்பதுதான் அதன் நகைச்சுவை.

இருந்தாலும் அந்தச் சுசீலாவை எனக்குப் பிடிக்கும். தொடர் என்ற வடிவம் அவளுக்கு ஒரு சலுகை கொடுத்திருக்கிறது. பரத்-சுசீலா, சுபாவின் நரேந்திரன்-வைஜயந்தி ஆகிய இணைகளுக்கு ஆண்டுகள் ஓடினாலும் வயது ஏறுவதில்லை. சுசீலாவும் வைஜயந்தியும் வேலைக்குப் போகிறார்கள். வேலை நிமித்தம் ஊர் சுற்றுகிறார்கள், இரவில் வெளியே நிற்கிறார்கள், காதலனோடு சரிக்குச் சரி வாயாடுகிறார்கள். 'விசேஷம் ஏதாவது உண்டா?' என்று அவர்களை யாரும் கேட்பதில்லை. அடுத்த மாத நாவலிலும் அவர்கள் அதே வேலையில், அதே உற்சாகத்தோடு இருப்பார்கள். திருமணத்துக்குப் பிறகு வேலையை விட்டவர்களும், விடச் சொல்லி வற்புறுத்தப்பட்டவர்களும் அந்த நிலைத்த இளமையை எவ்வளவு ஆசையோடு படித்திருப்பார்கள் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. எழுதிய ஆண்கள் இதை நினைத்து எழுதினார்களா என்பது எனக்கு முக்கியமில்லை.

காதல் நாவலில் தொடர்ச்சி வேறு மாதிரி. அங்கே பாத்திரங்கள் தொடர்வதில்லை, கதை தொடர்கிறது. புதுப் பெயர், புது ஊர், அதே கோபக்காரன். ஒவ்வொரு நாவலும் அவன் மனம் திறந்த இடத்தில் நின்றுவிடுகிறது. அந்தத் திருமணத்தின் ஐந்தாம் ஆண்டு எப்படியிருந்தது என்று நாம் பார்ப்பதே இல்லை. விளக்கம் சொன்ன பிறகு அவன் கோபம் நின்றதா? அடுத்த முறை சந்தேகம் வந்தபோது கேட்டுத் தெரிந்துகொண்டானா, மறுபடி மணிக்கட்டைப் பிடித்தானா? நாவல் சொல்லாது. அந்த முடிவு நம்மை முழுதாக நம்பவைத்திருந்தால் ஒரு நாவலோடு திருப்தி அடைந்திருப்போம். மாதாமாதம் அதே சமாதானத்தை மறுபடி கேட்கப் போகிறோம் என்பதே, அது போதவில்லை என்பதற்கு அத்தாட்சி.

காதலையும் துப்பறிதலையும் ஒரே தொடரில் வைத்து இந்தச் சிக்கலை எதிர்கொண்டவர் ஆங்கில எழுத்தாளர் டாரத்தி சேயர்ஸ். 1930இல் வந்த 'ஸ்ட்ராங் பாய்ஸன்' நாவலில் ஹாரியட் வேன் என்ற துப்பறியும் கதை எழுத்தாளர், முன்னாள் காதலனுக்கு விஷம் வைத்ததாகக் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறாள். துப்பறிவாளரான பீட்டர் விம்ஸி அவளைத் தூக்குக் கயிற்றிலிருந்து காப்பாற்றுகிறார், மணக்கவும் கேட்கிறார். நம் வழக்கப்படி கதை அங்கே சுபம் போட்டு முடிய வேண்டும். ஹாரியட் மறுத்துவிடுகிறாள். உயிரைக் காப்பாற்றியவருக்கு நன்றிக்கடனாகத் தன்னையே கொடுப்பது காதலாகாது என்று அவளுக்குத் தெரிகிறது. 1932இல் வந்த நாவலிலும் மறுக்கிறாள். 1935இல் 'காடி நைட்' வருகிறது. ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு பெண்கள் கல்லூரி, அங்கே யாரோ மொட்டைக் கடிதங்கள் எழுதிப் பயமுறுத்துகிறார்கள், ஹாரியட் விசாரிக்கப் போகிறாள். பெண்ணுக்கு அறிவும் காதலும் இரண்டும் கிடைக்குமா என்பதே அந்த நாவலின் உண்மையான மர்மம். அதன் கடைசியில்தான் அவள் சம்மதிக்கிறாள். ஆக்ஸ்ஃபோர்டு பெண்களுக்குப் பட்டம் தரத் தொடங்கியதே 1920இல்தான். முதலில் பட்டம் பெற்ற பெண்களில் சேயர்ஸும் ஒருவர். அந்த மர்மத்தை அவர் வெளியிலிருந்து எழுதவில்லை.

விம்ஸி ஒரு பிரபு, பெரும் பணக்காரர். அந்த வகையில் அவரும் நம் தொழிலதிபர் நாயகர்களின் உறவினர்தான். வேறுபாடு ஒன்றே. அவள் மறுக்கும்போதெல்லாம் அவர் அந்த மறுப்பைத் தாங்கிக்கொள்கிறார். அதற்காக அவளைத் தண்டிப்பதில்லை. ஒரு பெண்ணின் 'மாட்டேன்' ஐந்து ஆண்டுகள் மதிக்கப்பட்டு நிற்பதைக் காட்ட ஒரு நாவல் போதாது, தொடர்தான் வேண்டும். தொடர் வடிவத்தால் இதுவும் முடியும் என்று அறிந்த பிறகு, நம் நாவல்களிடம் கூடுதலாகக் கேட்க எனக்குத் துணிச்சல் வந்தது.

இன்று தமிழில் இத்தகைய கதைகளை நிறையப் பெண்களே எழுதுகிறார்கள். மாத நாவல்களைப் படித்து வளர்ந்தவர்கள் பிரதிலிபியிலும் கிண்டிலிலும் அத்தியாயம் அத்தியாயமாகத் தொடர் எழுதுகிறார்கள். சமையலறைக்கும் குழந்தைகளின் வீட்டுப்பாடத்துக்கும் நடுவே எழுதிச் சம்பாதிக்கவும் செய்கிறார்கள். இது கோதைநாயகியின் வழி, எனக்கு மகிழ்ச்சிதான். கூடவே 'ஆன்ட்டி ஹீரோ கதை' என்றே ஒரு வகை வளர்ந்திருக்கிறது. பழைய நாயகன் மணிக்கட்டைப் பிடித்தான் என்றால், இவன் கடத்துகிறான், அடைத்துவைக்கிறான், பலவந்தம் செய்கிறான், கடைசியில் மன்னிக்கப்படுகிறான். எழுதுகிற பெண்களைத் திட்டுவதில் எனக்கு ஆர்வமில்லை. பயத்தை மேசைமேல் எடுத்துவைத்து, அது நல்லபடியாக முடியும் என்று தமக்கே சொல்லிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்தப் பயத்துக்குக் காதல் என்று பெயர் வைக்கும்போது, படிக்கிற பதினெட்டு வயதுப் பெண்ணின் கையிலிருந்து ஒரு தடயம் பிடுங்கப்படுகிறது.

அதனால் என் மாணவிகளோடு ஒரு சின்னப் பயிற்சி செய்வேன். காதல் நாவலை அறுபதாம் பக்கத்தில் மூடிவைக்கச் சொல்வேன். பிறகு ஒரே கேள்வி: 'இந்தப் பெண் நாளைக் காலையில் காணாமல் போய்விட்டால், விவேக் முதலில் யாரை விசாரிப்பார்?' யாருக்கும் யோசிக்க நேரம் தேவைப்பட்டதில்லை. வகுப்பே ஒரே குரலில் நாயகன் பெயரைச் சொல்லும். ஏன் என்று கேட்டால் பக்க எண்ணோடு காரணம் சொல்வார்கள். சிரிப்பு அடங்கிய பிறகு அறையில் வேறொரு அமைதி வரும்.

அந்தக் காரணங்களை யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. வாடகைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதியவர்களுக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. தொடர்ந்து படிக்கிற பெண்களிடம் அந்தக் கூர்மை தானாகவே சேர்ந்திருக்கிறது. துப்பறியும் நாவலைப் படிக்கும்போது அதை எடுக்கிறோம், காதல் நாவலைத் திறக்கும்போது கீழே வைத்துவிடுகிறோம். கீழே வைக்க வேண்டாம் என்பதுதான் என் கோரிக்கை. காதல் நாவலைக் கைவிடச் சொல்லவில்லை. இந்த மாதமும் ஒன்று வாங்கிவைத்திருக்கிறேன். நாயகன் கண் சிவக்கிற இடத்தில் என் மனமும் ஒரு கணம் இளகும், தெரியும். அந்தப் பக்கத்தின் மூலையை மடித்துவைத்துவிட்டுத்தான் மேலே படிப்பேன்.